டிரெயின் நட் மேல் விழுந்த பழி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்குக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றி நிறுத்தினேன். மறுநாள் காலையில் இன்ஜினுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்தில் ஆயில் சொட்டிக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கும் டிரெயின் நட் சரியாக டைட் ஆகவில்லை. கடைசியாகக் கை வைத்த இடம் அதுதானே, பழியும் அதன் மேல்தான் விழும். ஆனால் கசிவு அங்கிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது, அதை எப்படிப் பிடித்தேன், எப்படிச் சரி செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒழுகும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

வண்டி 2013 மாடல், 150 சிசி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். ஆர்.சி. புத்தகப்படி எனக்கு முன்பே கை மாறிய வண்டிதான். விற்றவர் "ஆயில் போன மாசம்தான் மாத்தினேன் சார்" என்றார். பழைய வண்டி விற்கிற எல்லோரும் சொல்கிற வாக்கியம் என்பதால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததும் முதல் வேலையாக ஆயில் மாற்றுவது என்று முடிவு செய்திருந்தேன்.

செய்த வேலைகள் அதிகமில்லை. இன்ஜினைச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பழைய ஆயிலை வடித்தேன். டிரெயின் நட்டுக்குப் புது அலுமினிய வாஷர். ஃபில்டர் புதிது, அதன் மூடிக்கு ஓ-ரிங்கும் புதிது. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி 1 லிட்டர் 20டபிள்யூ50 ஆயில் ஊற்றினேன். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாஸோ எம்.ஏ. தரக்குறி போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

வடித்த ஆயிலை அளவுக்கோடு போட்ட பழைய டப்பாவில் ஊற்றிப் பார்த்தேன். 600 மி.லி. கோட்டை ஒட்டித்தான் நின்றது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

அப்புறம் செயின். டீசலும் பழைய பிரஷும் வைத்துக் கழுவி, துடைத்து, 90 கியர் ஆயில் போட்டேன். செயின் கழுவுகிற சாக்கில் இடது பக்கம் முன் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடியையும் கழற்றினேன். உள்ளே வருடக்கணக்கான அழுக்கு. செயின் ஆயில், ரோட்டு மண், தூசி எல்லாம் சேர்ந்து அல்வாப் பதத்தில் இறுகிப்போய் இன்ஜின் சுவரையே மறைத்துக்கொண்டு இருந்தது. மரக்குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு டப்பா நிறைந்தது. அதற்குள்ளிருந்து காய்ந்த சிலிகான் பேஸ்ட் துணுக்கு ஒன்றும் வந்தது. அந்த இடத்தில் கம்பெனியில் யாரும் பேஸ்ட் தடவமாட்டார்கள். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சுவரை டீசலால் கழுவித் துடைத்து மூடியை மாட்டினேன்.

மறுநாள் காலைதான் அந்தச் சொட்டு.

எதிர் வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நட்டை இன்னொரு கால் சுத்து டைட் வைங்க தம்பி, நின்னுடும்" என்றார். இந்த அறிவுரையில் ஒரு ஆபத்து இருக்கிறது. நட் இரும்பு, அது ஏறுகிற இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். 12 மி.மீ. மரை உள்ள டிரெயின் நட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு கால் சுற்றும் அலுமினிய மரையைத்தான் தின்னும். ஒழுகாத நட்டை ஒழுக வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஸ்பேனரைத் தொடும் முன் எது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை வேண்டும். இந்த வரிசையும் மாறக் கூடாது.

முதல் கேள்வி சுலபம். ஒரு பைக்கில் ஒழுகக்கூடிய திரவங்கள் சில வகைதான். பெட்ரோல் என்றால் காலையில் சொட்டே இருக்காது, ஆவியாகிப் போய்ப் பழுப்புக் கறையும் வாசனையும்தான் மிஞ்சும். கார்புரேட்டர் வண்டியில், உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை சிக்கினால் இது நடக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான், அங்கே இந்தத் தொல்லை கிடையாது. பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும், பெயிண்டைத் தின்னும், டிஸ்க் பிரேக் உள்ள சக்கரப் பக்கம்தான் இருக்கும். முன் ஃபோர்க் ஆயில் என்றால் பளபளக்கும் குழாயில் வளையமாகக் கோடு போட்டிருக்கும். காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் கூலன்ட் என்ற பேச்சே இல்லை.

மிச்சம் இரண்டு பேர்: இன்ஜின் ஆயில், செயினுக்குப் போட்ட 90 கியர் ஆயில். இரண்டுமே முதல் நாள் நான் ஊற்றியவை, இரண்டுமே அதே பக்கம் சொட்டக்கூடியவை. செயினில் அதிகமாகப் போட்ட ஆயில் ஸ்பிராக்கெட் மூடிக்குள் தெறித்து, அடியில் உள்ள இடுக்கு வழியாகச் சொட்டுவது சாதாரண விஷயம். ஆயில் லீக் என்று பயந்து ஓடி வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். பிரித்துப் பார்க்க ஒரு வெள்ளை டிஷ்யூ போதும். சொட்டின் மேல் டிஷ்யூவை வைத்து ஒற்றினேன். வந்தது தெளிந்த பொன்னிறம். செயின் ஆயில் என்றால் போட்ட உடனேயே பழைய அழுக்கையும் இரும்புத் துகளையும் வாரிக்கொண்டு கறுத்திருக்கும். வாசனையும் வேறு. 90 கியர் ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருப்பதால் மூக்கில் ஏறும் ஒரு நெடி உண்டு, ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. இதில் அந்த நெடி இல்லை. ஆக, நேற்று ஊற்றிய இன்ஜின் ஆயில்தான்.

இனி இடம். ஆயில் மாற்றிய மறுநாள் கசிந்தால் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள்: டிரெயின் நட்டின் வாஷர், ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், ஊற்றும்போது சிந்தி இன்ஜின் மடிப்புகளில் தங்கிய ஆயில், அளவுக்கு மேல் ஊற்றியதால், இன்ஜின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகக் கக்குவது. கடைசியை உடனே கழித்துவிடலாம். வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்து, இன்ஜினில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில். அதிகமில்லை. சிந்திய ஆயில் தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் தீர ஒரே வழி கழுவுவதுதான்.

கழுவுவதற்கு முன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரெயின் நட் நனைந்துதான் இருந்தது. அதன் தலையில் அடுத்த சொட்டு தயாராகத் தொங்கியது. இதைப் பார்த்த யாரும் நட்தான் குற்றவாளி என்று சத்தியமே செய்வார்கள். ஆனால் இன்ஜினின் மிகத் தாழ்ந்த இடம் அந்த நட்டின் தலை. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, கடைசியில் அங்கே வந்து தொங்கித்தான் விழும். ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஈரத்தின் அடிமுனையைப் பார்த்துப் பயனில்லை, ஈரம் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று.

இன்ஜின் ஆறியதும் அடிப்பாகம், இடது பக்கம், ஃபில்டர் மூடி, ஃப்ரேம் குழாய்கள் எல்லாவற்றையும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு பனியன் வேஸ்ட். மெக்கானிக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருப்பார்களே, அந்தத் துணித் துண்டுகள்தான், ஆயில் உறிஞ்ச அதற்கு இணையில்லை. நட்டைச் சுற்றியுள்ள இடுக்குகளைக் காதுப் பஞ்சால் துடைத்தேன். டீசல் ஈரம் மிச்சமிருந்தால் அதுவே புதுக் கசிவு மாதிரி காட்டும், அதனால் நன்றாகக் காய வேண்டும். சென்னை வெயிலில் அதற்குக் குறைவில்லை.

அடுத்தது பவுடர். சாதாரண டால்கம் பவுடர்தான். உலர்ந்த உலோகத்தில் தூவினால் நிற்காமல் உதிர்ந்துவிடும், அதனால் மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன். நட்டைச் சுற்றி, ஃபில்டர் மூடியின் விளிம்பில், இரண்டு பாதி இன்ஜினும் சேரும் கோட்டில், ஸ்பிராக்கெட் மூடியின் கீழ் விளிம்பில் என்று எல்லா இடமும் வெளுத்துவிட்டது. ஆயில் ஒரு துளி பட்டாலும் பவுடர் நனைந்து கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கீழே பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டாண்டு நிற்கும் இடங்களைப் பேனாவால் குறித்தேன். சொட்டு எங்கே விழுந்தது என்பதை வண்டியை நகர்த்திய பிறகும் படிக்க முடியும்.

ஆளுக்கொரு கருத்து வந்துகொண்டிருந்ததால் நடுவில் தெருமுனை மெக்கானிக் ஒருவரையும் கேட்டுப் பார்த்தேன். குனிந்தும் பார்க்காமல், "கிராங்க் கேஸ் பேக்கிங் போயிருக்கு சார், இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்" என்றார். நடந்தாலும் நடக்கலாம். ஆனால் அந்த பேக்கிங் இருக்கும் இடத்தில், அதாவது இன்ஜினின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில், அப்போது பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. பிரிக்காத இன்ஜினில் அந்த பேக்கிங் திடீரென்று போவது அபூர்வம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பவுடர் போட்ட வண்டியை கிண்டி வரை ஓட்டிவிட்டு வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். ஃபில்டர் மூடி உலர்ந்தே இருந்தது. டிரெயின் நட்டைச் சுற்றியும் வெள்ளை கலையவில்லை. ஓடும்போது உள்ளே ஆயில் தெறிக்கும், சூட்டில் நீர்த்துப்போகும். வாஷரில் குறை இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டில் ராத்திரி நின்றபோதும் அட்டை சுத்தம். சரி, நேற்று சிந்தியதுதான் சொட்டியிருக்கும் போல என்று சந்தோஷப்பட்டு, அடுத்த ராத்திரி சைடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். காலையில் அட்டையில் சொட்டு.

இதுதான் பெரிய துப்பு. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாயும். உள்ளே இருக்கும் ஆயிலும் சாய்ந்து இடது சுவரின் மேல் ஏறி நிற்கும். வண்டி நேராக நிற்கும்போது ஆயில் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு ஓட்டை, சாயும்போது மூழ்கிவிடுகிறது. டிரெயின் நட் எப்படி நிறுத்தினாலும் மூழ்கித்தான் இருக்கும், அதற்கு ஸ்டாண்டு பேதம் கிடையாது. ஆக, கசிவு இடது சுவரில், கீழ்ப்பாதியில். ஓடும்போது பெரிதாக ஒழுகாமல் நிற்கும்போது ஒழுகுவது. பவுடரும் அதையே சொன்னது. ஸ்பிராக்கெட் மூடியின் கீழ் விளிம்பில் பின் மூலையில் ஒரு கறுத்த நாக்கு, அங்கிருந்து அடிப்பாகம் வழியாக நட் வரை மெல்லிய கோடு.

மூடியைத் திரும்பக் கழற்றினேன். இந்த வகை இன்ஜின்களில் அந்த மூடிக்குப் பின்னால் ஆயில் வரக்கூடிய இடங்கள் நான்கு. செயின் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் அவுட்புட் ஷாஃப்ட்டின் சீல், அதாவது தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். நியூட்ரல் விளக்குக்கான சுவிட்ச், அதன் பின்னால் ஒரு சின்ன ஓ-ரிங். மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டின் கவரிலிருந்து வயர்கள் வெளியே வரும் ரப்பர் அடைப்பு. கடைசியாகக் கியர் லிவர் மாட்டும் ராடின் சீல். சில இன்ஜின்களில் கிளட்சைத் தள்ளும் குச்சிக்கும் இதே பக்கம் ஒரு சீல் இருக்கும், என் வண்டியில் இல்லை.

அவுட்புட் ஷாஃப்ட் சீல் போனால் அடையாளம் வேறு. அது ஓடும்போது சுழல்கிற தண்டு, கசிந்தால் ஸ்பிராக்கெட் அதை வீசியடித்து மூடியின் உள்பக்கம் முழுக்கப் புதிய ஆயில் வட்டமாகத் தெறித்திருக்கும். இங்கே மூடியின் உள்ளே இருந்தது கறுத்த செயின் ஆயில் மட்டும். வயர் அடைப்பு வழியாக வந்தால் வயர் உறையைப் பிடித்துக்கொண்டு ஆயில் நடந்து வரும். வயரைத் துணியால் உருவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.

மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது, செயின் கால் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். அதனால் நின்ற இடத்திலேயே சோதனை. சுவரைத் துடைத்து, நான்கு இடங்களிலும் பவுடர் ஒற்றி, நியூட்ரலில் இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு அணைத்து, சைடு ஸ்டாண்டில் சாய்த்து, டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. கியர் ராட் சுவரிலிருந்து வெளியே வரும் வட்டத்தின் அடியில், வெள்ளைப் பவுடரில் பிறைபோல் ஒரு ஈரம். பிறை தடித்தது, தடித்து ஒரு முத்தாகத் திரண்டது, பிறகு சுவரில் இறங்க ஆரம்பித்தது. கியர் லிவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் முத்து சீக்கிரம் திரண்டது. மற்ற மூன்று இடங்களும் வெள்ளையாகவே இருந்தன.

சீல் என்று தெரிந்ததும் ஓடிப்போய் சீல் வாங்குவதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தில் காற்றழுத்தம் கூடும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது, இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அது மடங்கியோ அடைத்தோ இருந்தால் அழுத்தம் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும், புது சீல் போட்டாலும் அதே கதைதான். குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், தடையில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியிலும் ஆயில் தேங்கவில்லை.

இப்போது 600 மி.லி. கணக்குக்கு வருவோம். கையேடு சொல்லும் 1 லிட்டர் என்பது ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு. வடித்த பிறகும் இன்ஜின் சந்துகளில் ஒட்டி நிற்பதைக் கழித்துவிட்டுச் சொல்வது அது. அப்படியானால் வடிக்கும்போதும் ஏறக்குறைய 1 லிட்டர் வந்திருக்க வேண்டும். வந்தது 600. மிச்சம் இந்தச் சீல் வழியாகத்தான், அல்லது பாதி இதன் வழியாகவும் பாதி எரிந்தும், கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. மட்டம் குறையக் குறைய, சைடு ஸ்டாண்டில் சாய்ந்தாலும் ஆயில் அந்தச் சீல் வரை ஏறாத நிலை வந்ததும் ஒழுகல் தானாக நின்றிருக்கிறது. மீதிக்கு அந்த இறுகிய அழுக்கு மூடியாக இருந்திருக்கிறது. சிலிகான் துணுக்குக்கும் விடை கிடைத்தது. யாரோ ஒருவர் கசிவைப் பார்த்திருக்கிறார், சீலை மாற்றாமல் மேலே பேஸ்ட் அப்பியிருக்கிறார். உள்ளிருந்து ஆயில் தள்ளும் இடத்தில், அதுவும் அசைகிற தண்டைச் சுற்றி, வெளியே அப்பிய பேஸ்ட் எத்தனை நாள் ஒட்டும்?

அழுக்கைச் சுரண்டியதும் அந்த அடைப்பு போனது, சரியான அளவு ஆயில் ஊற்றியதும் வண்டி சாயும்போது மட்டம் சீலுக்கு மேலே ஏறியது. பழைய கசிவு, புது ஆயில். சர்வீஸ் செய்த மறுநாள் ஒழுகுகிறது என்று கடைக்காரர்களிடம் சண்டைக்குப் போகிறவர்களில் சிலருடைய வண்டியிலும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெக்கானிக்குகளுக்காக வாதாடவில்லை, அவர்கள் விஷயத்தில் எனக்கும் மனத்தாங்கல்கள் உண்டு.

சீல் மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்தச் சீல் வெளியிலிருந்தே எடுத்துப் போடக்கூடியது. சில இன்ஜின்களில் உள்பக்க விளிம்பு வைத்த சீல் இருக்கும், அது பிரித்தால்தான் வரும். எது உங்கள் வண்டி என்று கையேட்டிலோ உதிரிபாகப் படத்திலோ பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கியர் லிவரைக் கழற்றும் முன் ராடின் முனையிலும் லிவரிலும் நேர்கோடாக ஒரு பெயிண்ட் கோடு போட்டேன். ராடில் பல் பல்லாக இருக்கும், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் காலுக்கு லிவர் எட்டாது. இன்ஜின் ஆயிலை வடிக்கவில்லை. சென்டர் ஸ்டாண்டின் இடது காலுக்குக் கீழே மட்டும் மெல்லிய பலகைத் துண்டு வைத்ததில் வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஆயில் அந்தப் பக்கம் போய்விட்டது. பலகை தடிமனாக இருந்தால் வண்டி ஆடும், அதில் வீரம் காட்டக் கூடாது.

சீலின் முகத்தில் மண்ணைத் துடைத்ததும் எண்கள் தெரிந்தன: 12, 22, 5. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். இந்த மூன்று எண் இருந்தால் கம்பெனி உதிரிபாகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆயில் சீல் விற்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். நான் ஜி.பி. ரோடு போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று முழுப் பெயர் சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வண்டி சாமான் கடைகள்தான்.

எண்ணைச் சொன்னதும் கடைக்காரர், "டி.சி.யா எஸ்.சி.யா சார்?" என்று கேட்டார்.

"கியர் ராடுக்கு, அண்ணே. வெளியே மண் படும் இடம்."

"அப்போ டி.சி. வாங்கிக்குங்க. ரெண்டு உதடு இருக்கும்."

எஸ்.சி. என்பது ஒரே உதடு உள்ளது. டி.சி.யில் ஆயிலைத் தடுக்கும் உதட்டோடு, வெளியிலிருந்து வரும் தூசியைத் தடுக்கக் கூடுதலாக ஒரு சின்ன உதடும் உண்டு. இரண்டு வாங்கினேன், ஒன்று போடும்போது கெட்டால் இன்னொன்று. ஒன்று 40 ரூபாய்க்கும் கீழேதான்.

பழைய சீலை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே கை நடுங்கும் இடம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் சீல் வரும், கூடவே ராடிலோ அலுமினியக் குழியின் சுவரிலோ கீறல் விழும். கீறல் விழுந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியாக ஆயில் வரும். சீலின் உள்ளே தகரத்தால் ஆன வளையம் இருக்கிறது. ராடுக்கும் குழிச் சுவருக்கும் நடுவில், அந்தத் தகரத்தில் கூரான குத்தூசியால் ஒரு ஓட்டை குத்தினேன். டிரில் போட்டால் துகள் உள்ளே விழுமோ என்ற பயத்தில்தான் ஊசி. அந்த ஓட்டையில் சின்ன மர ஸ்க்ரூ ஒன்றை இரண்டு மூன்று மரை மட்டும் ஏற்றினேன். ஆழமாகப் போனால் உள்ளே எதையாவது குத்தும். ஸ்க்ரூவின் தலையைப் பிளையரால் பிடித்து நேராக இழுத்ததும் சீல் ஒரு பக்கமாகத் தூக்கியது, எதிர்ப் பக்கமும் அதே போல் செய்ததும் முழுதாக வந்தது. பின்னாலேயே கொஞ்சம் ஆயிலும் வழிந்தது, துணி தயாராக இருந்தது.

வந்த சீலின் உதட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். வளையவில்லை. நைட்ரைல் ரப்பர் சூட்டிலும் வயதிலும் இப்படித்தான் கல்லாகிவிடும். உதட்டுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும், உதட்டை ராடோடு இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கல்லான உதட்டை அதனால் என்ன செய்ய முடியும்? ராடில் உதடு பட்ட இடத்தில் நகம் தட்டுப்படும் ஒரு பள்ளக்கோடு இருந்தது, முழு வட்டமாக இல்லாமல் கீழ்ப்பக்கம் மட்டும் ஆழமாக. கியர் ராட் முழுச்சுற்று சுற்றாது, சில டிகிரி முன்னும் பின்னும்தான் திரும்பும். லிவரைக் கால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் ராட் ஒரே பக்கம் சாய்கிறது, இடையில் சிக்கிய மண் அரம் வேலை செய்கிறது.

புது சீலைப் போடும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே, ஆயிலைப் பார்த்து. ராடின் முனையில் உள்ள பற்கள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க, அதன் மேல் மெல்லிய செல்லோ டேப் ஒரு சுற்று. உதட்டுக்கு நல்ல கிரீஸ், உலர்ந்த உதடு முதல் அசைவிலேயே தேய்ந்துபோகும். பற்களைத் தாண்டி உதடு ராடுக்கு வந்ததும் டேப்பை உருவிவிட்டேன்.

தட்டி இறக்க, பிளம்பிங் வேலையில் மிஞ்சிய அரை இஞ்ச் குழாய்த் துண்டு. அதன் வெளி விட்டம் 21 மி.மீ. சொச்சம், ராட் அதற்குள் நுழைந்துகொள்கிறது, சீலின் விளிம்பில் சரியாக உட்காருகிறது. முனையை மட்டமாக அறுத்துத் தேய்த்துக்கொண்டு, மேலே லேசாகத் தட்டத் தட்டச் சீல் நேராக இறங்கியது. கோணலாகப் போகிறதா என்று ஒவ்வொரு தட்டுக்கும் பார்த்தேன். பழைய சீல் குழியின் விளிம்போடு சமமாக உட்கார்ந்திருந்தது. குழி சீலின் தடிமனைவிடக் கொஞ்சம் ஆழம் என்பதால் புதியதை ஏறக்குறைய 1 மி.மீ. உள்ளே தள்ளி நிறுத்தினேன். உதடு அந்தப் பள்ளக்கோட்டில் விழாமல் தேயாத இடத்தில் பிடிக்கட்டும் என்றுதான்.

லிவரைக் கோடு பார்த்து மாட்டி, போல்ட்டை இறுக்கி, பலகையை எடுத்துவிட்டு ஆயில் மட்டத்தைப் பார்த்தேன். சிந்தியதற்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது. ஸ்பிராக்கெட் மூடியை மாட்டும் முன் பழையபடி பவுடர், இன்ஜின் ஓட்டம், சைடு ஸ்டாண்டு, டார்ச். ராடைச் சுற்றி வெள்ளை அப்படியே இருந்தது, லிவரை ஆட்டினாலும் முத்து திரளவில்லை. மூடியை மாட்டி வழக்கம்போல் ஓட்ட ஆரம்பித்தேன்.

நடுவில் கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்றும், லீக்கை நிறுத்தும் மருந்து ஒன்று கடையில் கிடைக்கிறது என்றும் யோசனைகள் வந்தன. கல்லான ரப்பர், பள்ளம் விழுந்த ராட் இரண்டையும் பார்த்த பிறகு அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மருந்து கிளட்ச் தட்டில் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க என் வண்டியைத் தருவதாக இல்லை.

டிரெயின் நட்டை இதுவரை தொடவில்லை, ஆயில் ஊற்றிய அன்று இறுக்கிய இறுக்கத்திலேயே இருக்கிறது. செயின் ஆயில் மட்டும் மூடிக்கு அடியில் எப்போதாவது கறுப்பாக ஒரு துளி விடும், அதற்குக் கவலைப்படுவதில்லை. பிரச்சினையின் வேர் ராடில் இருக்கிறது. லிவரைப் பிடித்து ஆட்டினால் ராடில் லேசான ஆட்டம் தெரிகிறது, அந்த ஆட்டம் புது சீலையும் ஒரு நாள் தின்னும். இந்த இன்ஜினில் ராடை உருவி எடுக்க வேண்டுமானால் வலது பக்கம் கிளட்ச் கவரைக் கழற்றித்தான் எடுக்க முடியும். கிளட்ச் தட்டு மாற்ற அந்தக் கவரைக் கழற்றும்போது ராடையும் சேர்த்து மாற்றிவிடலாம், தனியாகக் கூலியும் இல்லை, தனியாகப் பேக்கிங்கும் வேண்டாம். அதுவரை ராத்திரியில் சென்டர் ஸ்டாண்டு. வாரம் ஒருமுறை கண்ணாடியில் மட்டம் பார்க்கிறேன். வாங்கிய இரண்டாவது சீல் கருவிப் பெட்டியில் இருக்கிறது.